கொண்டைப் பருந்தும் எங்கள் வீட்டு இலக்கமும்

அந்தச் சனிக்கிழமை காலை வீட்டில் இருந்தவர்கள் நாலு பேர்: அம்மா, தங்கச்சி, நான், சின்ன மாமா. அப்பா இல்லை. சனிக்கிழமைகளில் அவர் விடிய முன்னரே ஒரு முதியோர் இல்லத்துக் குசினிக்குப் பாத்திரம் கழுவப் போய்விடுவார். சின்ன மாமாவும் இல்லை. அதாவது, வளவின் பின்பக்கத்துக் கராஜுக்குள் கட்டிலில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ஆனால் யார் வந்து கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லவேண்டும். அந்தக் கணக்கில் நாங்கள் மூன்று பேர்.

எனக்கு ஒன்பது வயது. நார்த்மீட் என்ற புறநகரில், ஓடையோடு முட்டி நிற்கும் ஒரு சின்னத் தெருவின் கடைசி வீட்டில் இருந்தோம். அந்தத் தெருவுக்குப் பாதை தவறியவர்கள்தான் வருவார்கள். வந்து, எங்கள் வாசலில் காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். அன்று ஏழு மணிக்கு ஒரு கார் வந்தது. திரும்பவில்லை, நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. எட்டு மணிக்குள் ஆறு கார்கள். மங்கிய பச்சைச் சட்டையும் தொப்பியும் போட்ட ஆண்களும் பெண்களும் இறங்கினார்கள். கழுத்தில் கறுப்பு வார். கையில் முழங்கை நீளத்துக்குக் கமரா. ஒருவர் மூன்று கால் வைத்த தாங்கியை விரித்து, அதன் மேல் குழாய் ஒன்றைப் பூட்டி, வேலிக்கு மேலால் எங்கள் வளவுப் பக்கம் திருப்பினார்.

அவர்களில் ஒருவரும் சத்தமாகக் கதைக்கவில்லை. அம்மாவை அதுதான் கலக்கியது. சும்மா வருகிற வெள்ளைக்காரர் பலமாகச் சிரித்துக்கொண்டு வருவார்கள் என்பது அம்மாவின் அனுபவம். குசுகுசுத்துக்கொண்டு வருகிறவர்கள் வேலையாக வருகிறவர்கள். அம்மா ஜன்னல் சீலையை இழுத்து மூடினார். தொலைக்காட்சியை நிறுத்தினார். அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது. அதன் ஆவிச் சத்தமும் கேட்டுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, அதையும் நிறுத்தினார்.

"வந்திட்டாங்கள்," என்றார். யார் என்று நாங்கள் கேட்கவில்லை. அது எங்கள் வீட்டில் நாலு வயதுத் தங்கச்சிக்கும் தெரியும்.

சின்ன மாமா அம்மாவின் கடைசித் தம்பி. நாங்கள் விமானத்தில் வந்தவர்கள், அவர் படகில் வந்தவர். எங்களுக்கு நிரந்தர விசா, அவருக்குத் தவணைக்குத் தவணை புதுப்பிக்கும் விசா. அந்த விசாவுக்கு ஒரு முகவரி கொடுக்கவேண்டும். கொடுத்த முகவரியில் இருக்கவும் வேண்டும். மாமா கொடுத்தது லிட்கத்தில் அப்பாவின் சிநேகிதர் வீட்டு முகவரி. அந்தச் சிநேகிதர் கொண்டாட்டங்களுக்கு ஓடர் எடுத்துச் சமைத்துக் கொடுப்பவர். எங்களுக்கு லிட்கம் அங்கிள். அவர் வீட்டு மேல் அறையில் மாமாவும், மாமாவோடு படகில் வந்த இன்னொருவரும் இருந்தார்கள். ஒருநாள் காலை, கழுத்தில் வார் கட்டி அட்டை தொங்கவிட்ட இரண்டு குடிவரவு அதிகாரிகள் வந்து கதவைத் தட்டினார்கள். மிகவும் மரியாதையானவர்களாம். பல் விளக்கவும் சட்டை மாற்றவும் நேரம் கொடுத்து, அந்த இன்னொருவரைத் தடுப்பு முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மாமா அப்போது கடைக்குப் பால் வாங்கப் போயிருந்தார். பாலோடு தெருமுனையில் நின்று பார்த்தவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. அன்று மத்தியானமே எங்கள் கராஜுக்கு வந்துவிட்டார், அந்தப் பாலோடு.

அதற்குப் பிறகு மாமாவுக்கு இரண்டு முகவரி. கடிதத்துக்கு லிட்கம், நித்திரைக்கு நார்த்மீட். இது பிழை என்பதும், கண்டுபிடித்தால் அவரையும் கொண்டுபோய்விடுவார்கள் என்பதும் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொல்லப்பட்டது. அப்பா என்னைக் கதிரையில் இருத்தி, பரீட்சை மாதிரிக் கேட்டார்.

"மாமா எங்கையடா எண்டு ஆரும் கேட்டால்?"

"லிட்கத்திலை."

"உங்கட வீட்டு நம்பர் என்ன?"

"தெரியாது."

"கெட்டிக்காரன்." பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பா எழுதிக் கொடுத்ததைத் தவிர, வேறு எந்தத் தாளிலும் அந்த இலக்கத்தை நான் எழுதக்கூடாது. பிறந்தநாள் விழாவுக்கு எந்த நண்பனையும் கூப்பிடக்கூடாது. எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனவன் நான். எனக்குக் கிடைத்த முதல் பாடம், தெரிந்ததைத் தெரியாது என்று சொல்வது.

மாமா பகலில் வெளியே வரமாட்டார். கராஜின் பின்சுவரில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அதற்கு அப்பால் வேலி, ஓடைக்கரை, பெரிய யூகலிப்டஸ் மரம் ஒன்று. மாமா அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே நாளைக் கழித்தார். அதில் எந்தக் கொப்பில் எது இருக்கிறது, எது எதைக் கலைக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். செப்டம்பர் பிறந்திருந்தது. தெருக்களில் மக்பைப் பறவைகள் குஞ்சைக் காக்கிற வெறியில் போகிற வருகிறவர் தலையில் கொத்தின. சைக்கிள்காரர்கள் தலைக்கவசத்தில் பிளாஸ்ரிக் முட்களைக் குத்திக்கொண்டு முள்ளம்பன்றி மாதிரிப் போனார்கள். அப்படியான ஒரு காலையில் மாமா என்னைக் கூப்பிட்டார்.

"மருமோன், சத்தம் போடாமல் ஓடி வா. கொண்டைக்காரன் தடி முறிக்கிறான்."

அப்படி ஒரு பறவையை நான் பார்த்ததில்லை. சாம்பல் தலை, பின்னால் சின்னதாக ஒரு கொண்டை, மஞ்சள் கண், வெள்ளை வயிற்றில் குறுக்குக் குறுக்காகக் கபில நிற வரிகள். பறந்து வந்த வேகத்திலேயே காய்ந்த சுள்ளி ஒன்றைப் பிடித்து, பாரம் கொடுத்துத் தொங்கி, முறித்துக்கொண்டு போனது. உச்சிக் கொப்பில் அதன் சோடி காத்திருந்தது. ஒரு கிழமை முழுவதும் பள்ளிக்குப் போக முன்னர் நானும் மாமாவும் அதைப் பார்த்தோம். ஒரு சுள்ளி முறியாமல் போனால் மாமா, "விடடா, வேற கொப்பைப் பார்," என்று அதற்குப் புத்தி சொல்வார்.

அந்தக் கிழமைதான் வகுப்பில் ரீச்சர் ஆளுக்கொரு தாள் தந்தார். பரமட்டாவுக்கு வடக்கே உள்ள பள்ளிகளெல்லாம் சேர்ந்து, வசந்தம் தொடங்கும்போது எங்கெங்கே என்னென்ன பறவை தென்படுகிறது என்று கணக்கெடுக்கின்றனவாம். பறவையின் பெயர், நிறம், படம். கடைசியில், கண்ட இடம். பெயர் தெரியாததால் நான் படத்தை மட்டும் கீறினேன். மாமாவின் கட்டிலில் குப்புறக் கிடந்துதான் கீறினேன். நிறப் பென்சில்களை அவர் கத்தியால் சீவித் தந்தார். "கண்ட இடம்" என்ற கட்டத்தில் ஓடை என்று எழுதியிருக்கலாம், மரம் என்று எழுதியிருக்கலாம். ஆனால் மற்றப் பிள்ளைகள் எல்லோரும் வீட்டு இலக்கமும் தெருவும் எழுதுவார்கள். அந்தத் தாளில் ஒரே ஒருமுறை மற்றப் பிள்ளைகளைப் போல இருக்க ஆசைப்பட்டேன். எழுதினேன். மாமா தாளை வாங்கிக் கனநேரம் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, அதனால் எனக்குப் பயம் வரவில்லை. "கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் மஞ்சள் போடு," என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

வெள்ளிக்கிழமை ரீச்சர் என்னை வகுப்பின் முன்னால் நிறுத்தினார். என் பறவைக்குப் பெயர் கொண்டைப் பருந்து. வடக்கே வெயில் கூடிய கரையோரங்களில்தான் அதிகம் இருக்குமாம். இவ்வளவு தெற்கே வந்து கூடு கட்டுவது அபூர்வமாம். ரீச்சரின் கணவர் பறவை பார்க்கிறவர். என் படத்தைப் பார்த்துவிட்டு இரவு சரியாகத் தூங்கவில்லையாம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சேர்ந்து தட்டினேன்.

சனிக்கிழமை சீலை மறைப்புக்குள்ளால் அந்தக் கமராக்களைப் பார்த்தபோதுதான், அந்தத் தாளில் நான் எழுதியது என்னவென்று விளங்கியது.

மாமா கராஜுக்குள் அகப்பட்டுவிட்டார். வீட்டுக்கும் கராஜுக்கும் நடுவில் உடுப்புக் காயப்போடும் வெட்டவெளி, அதற்கு நேரே வேலி, வேலிக்கு அப்பால் அத்தனை கண்ணாடிகளும். மத்தியானம் அம்மா சலவைக் கூடைக்குள் புட்டுக் கோப்பையை வைத்து, மேலே துவாயைப் போட்டு, என்னிடம் தந்தார். "ஓடாதை. சாதாரணமா நட," என்றார். சாதாரணமாக நடப்பது எப்படி என்று அன்று முழுவதும் யோசித்தாலும் எனக்குத் தெரிந்திராது. பாதி வழியில், வேலிக்கு மேலால் வெள்ளைத் தாடி வைத்த ஒருவர் குனிந்து, மெதுவான குரலில், அந்தப் படத்தைக் கீறிய பையன் நான்தானா என்று கேட்டார்.

"இல்லை," என்றேன்.

அவர் என்னையும் கூடையையும் பார்த்தார். யார் கீறினாலும் நல்ல கண் உள்ள பிள்ளை என்று சொல்லிவிட்டுத் தன் குழாய்க்குத் திரும்பினார். குழாய் மரத்தின் உச்சியைப் பார்த்திருந்தது.

மாமா கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் நிலத்தில் ஒடுங்கிக் கிடந்தார். காலை குடித்த தேத்தண்ணிக் கோப்பை இன்னும் கையில் இருந்தது.

"எத்தினை பேர்?"

"பதினொண்டு."

"கழுத்திலை அட்டை இருக்கோ?"

"வார் இருக்கு. அட்டை தெரியேல்லை."

"கதவைத் தட்டினவங்களோ?"

"இல்லை."

"அப்ப ஆக்கள் சேரும்மட்டும் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள்." புட்டை ஒரு வாய் எடுத்தார். திரும்பப் புட்டுக் கோப்பையிலேயே வைத்துவிட்டார். "நீ போ. கூடையைக் கொண்டு போ. இஞ்ச நிண்டால் ஏன் நிக்கிறாய் எண்டு பாப்பாங்கள்."

மாமா, அவங்கள் குருவி பாக்க வந்தவங்கள். இதைத்தான் நான் சொல்லியிருக்கவேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அவர்களுக்கு எப்படித் தெரியும் என்பது. அதற்கு அடுத்தது, முகவரி யார் கொடுத்தது என்பது. பிறகு அப்பா, அந்தக் கதிரை. பதினொரு பேருக்கு மாமா எவ்வளவு பயந்தாரோ, அவ்வளவுக்கு நான் அந்தக் கேள்விக்குப் பயந்தேன். கூடையைத் தூக்கிக்கொண்டு சாதாரணமாக நடந்தேன்.

பின்னேரம் அப்பா வேலையால் வந்தார். தலையைக் குனிந்தபடி அவர்களுக்குள்ளால் நடந்து வந்தவருக்கு ஒரு பெண் "குட் ஆஃப்டர்நூன்" சொல்லியிருக்கிறாள். அதைக்கூட அப்பா ஒரு தடயம் மாதிரித்தான் அம்மாவிடம் சொன்னார். பிறகு சீலையை விலக்கிக் கனநேரம் பார்த்தார்.

"மரத்தைத்தான் பாக்கினம் போல கிடக்கு," என்றார்.

நான் நிறப் பென்சிலை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தேன்.

"மரத்திலை என்ன கிடக்கு?" என்று அம்மா கேட்டார்.

"ஏதோ குருவி."

"ஒரு குருவி பாக்க இவ்வளவு பேரோ? இவையளுக்கு வேறை வேலை வெட்டி இல்லையோ?"

அப்பா சீலையை மூடினார். "அதுதானே. அப்ப குருவி பாக்கிற மாதிரி நிண்டு வீட்டைத்தான் பாக்கினம்."

இந்த நியாயத்தை என்னால் உடைத்திருக்க முடியும். உலகத்தில் அன்று அதை உடைக்கக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். பென்சிலைத் திரும்ப எடுத்துத் தங்கச்சிக்கு நிறம் தீட்டிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் இரட்டித்துவிட்டார்கள். பதினொரு மணிக்கு லிட்கம் அங்கிள் தன் சமையல் வான் வண்டியைக் கொண்டுவந்து, பின்பக்கமாக ஓட்டி, கராஜ் வாசலோடு ஒட்டி நிறுத்தினார். உள்ளே பெரிய கிடாரங்கள், கரண்டிகள், அவற்றை மூடிக் கட்டும் ஒரு நீலப் படங்கு. அப்பா வானின் கதவை ஒரு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்க, மாமா இரண்டு கிடாரங்களுக்கு நடுவில் ஏறிப் படுத்தார். ஒரு உடுப்புப் பை. வேறொன்றும் இல்லை. அம்மா படங்கை இழுத்து மூடும்போது என்னைப் பார்த்து மாமா, "கொண்டைக்காரனைப் பாத்துக்கொள்," என்றார். அம்மா அவரைப் பேசாமல் கிட என்று அதட்டினார். அம்மா அழுதது அப்போது எனக்குத் தெரியாது. முகம் நனைந்தது கிடாரத்தின் சூட்டில் என்று நினைத்தேன். கிடாரங்களில் ஒரு சூடும் இருக்கவில்லை.

வான் வாசலுக்கு வந்து நின்றுவிட்டது. குறுக்கே ஒரு கார். காரின் சொந்தக்காரர் வேறு யாருமல்ல, வெள்ளைத் தாடிக்காரர். வானை விட்டு இறங்கினால் சந்தேகம், இறங்காவிட்டாலும் சந்தேகம். லிட்கம் அங்கிள் இறங்கினார். வாய் நிறையச் சிரித்தார். என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். காரை எடுக்கச் சொல்லிக் கேட்க நான் வாயைத் திறக்க முன்னர், தாடிக்காரர் அங்கிளும் பறவை பார்க்க வந்தவர் என்று எடுத்துக்கொண்டு, தன் கழுத்துத் தொலைநோக்கியைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டி, மரத்தைக் காட்டினார்.

அங்கிள் பார்த்தார். ஆறடி தூரத்தில், வானுக்குள் படங்குக்குக் கீழே என் மாமா மூச்சை அடக்கிக் கிடக்க, அங்கிள் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து உச்சிக் கொப்பைப் பார்த்தார். வியர்வை அவர் காதுக்குப் பின்னால் ஓடியது.

"வெரி நைஸ்," என்றார். "வெரி வெரி நைஸ்." பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, சிரிப்பு மாறாமல், "காரை எடுக்கச் சொல்லடா தம்பி, என்ரை இருதயம் நிக்கப்போகுது," என்றார்.

அந்த நேரம் பார்த்து வானுக்குள் ஒரு கரண்டி விழுந்தது. கிடாரத்தில் பட்டு, கோயில் மணி மாதிரி நீளமாக ஒலித்தது. இருபது பேரும் திரும்பினார்கள். தாடிக்காரர் உதட்டில் விரலை வைத்து, பறவை கலைந்துவிடும் என்று சைகை செய்தார். எல்லோரும் ஒன்றாக மேலே பார்த்தார்கள். பறவை கலையவில்லை. அவர் பெருமூச்சு விட்டு, காரை எடுத்து வழிவிட்டு, கையும் காட்டினார்.

லிட்கம் அங்கிள் மாமாவை ஒரு பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார், எங்கே போகிறார் என்று மாமா அவருக்கும் சொல்லவில்லை. கரையோரத்தை விட்டு வெகு உள்ளே ஏதோ தோடம்பழத் தோட்டம் என்று பிறகு அறிந்தேன். போகிற வழியில் தொலைபேசி சிம்மை உடைத்து எறிந்துவிட்டாராம். யாரும் தன்னைத் தேட முடியாது என்று நம்பினார். அந்த நம்பிக்கை பலித்தது. மூன்றாம் கிழமை லிட்கம் முகவரிக்கு அவரை விசா நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தபோது, எங்களாலும் அவரைத் தேட முடியவில்லை. நேர்முகத் திகதி கடந்தது. வழக்கை மூடிவிட்டார்கள்.

பருந்துகளுக்கு ஒரு குறையும் வரவில்லை. இரண்டு குஞ்சு பொரித்து, பறக்கவும் பழக்கின. கோடை தொடங்கும்போது தாடிக்காரர் ஒரு பெட்டி சொக்லேட்டும், சட்டம் போட்ட படம் ஒன்றும் கொண்டுவந்து தந்தார். அழகான படம். தாழ்ந்த கொப்பில் கொண்டைப் பருந்து, வாயில் குச்சிப்பூச்சி. அதற்குப் பின்னால், தெளிவில்லாமல், எங்கள் கராஜ் ஜன்னல். ஜன்னலுக்குள் வெளிறிய வட்டமாக ஒன்று. தெரியாதவர்களுக்கு அது வெயில் பட்ட கண்ணாடி. அம்மா ஒரு தடவை பார்த்தார். சொக்லேட்டை எங்களுக்குத் தந்துவிட்டு, படத்தை அலுமாரிக்குள் சுவரைப் பார்க்க வைத்துவிட்டார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடம். பல்கலைக்கழகப் பட்டம் கையில் கிடைத்த கிழமை, ஏழு மணித்தியாலம் பஸ்ஸில் இருந்து, மாமாவிடம் போனேன். வழக்கை மீண்டும் திறந்து, இழுபட்டு, அவருக்கு ஒருவழியாக விசா கிடைத்திருந்தது. ஆனாலும் தோட்டத்தை விட்டு வரவில்லை. மரங்களுக்கு நடுவில் இரண்டு பெட்டிகளைக் கவிழ்த்து வைத்து இருந்தோம். நான் தாளைப் பற்றிச் சொன்னேன். கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிக்க முன்னரே அவர் தலையாட்டினார்.

"கண்டனான்," என்றார்.

"உங்களுக்கு இங்கிலீஷ்..."

"நம்பர் எனக்குத் தெரியும்தானேயடா. வாசல் கடிதப் பெட்டியிலை அதே நம்பர்தானே ஒட்டிக் கிடந்தது." ஒரு தோடம்பழத்தை உரிக்கத் தொடங்கினார். "அழி எண்டு சொல்ல வந்தனான். அழிச்சால் ஏன் எண்டு கேட்டிருப்பாய். ஒன்பது வயசுப் பிள்ளைக்குச் சொல்ல என்னட்டை மறுமொழி இருக்கேல்லை."

"அப்ப அவங்கள் குருவி பாக்க வந்தவங்கள் எண்டும் தெரியுமோ?"

"தெரியும். முதல் நாள் பயத்திலை விளங்கேல்லை, இரவு யோசிக்க விளங்கினது. ஆனால் இருபது பேரிலை ஆற்றை கமராவிலை நான் இருக்கிறன் எண்டு தெரியாதே."

நான் மறைத்ததால்தான் அவர் போனார் என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவர் எல்லாம் தெரிந்துகொண்டே படங்குக்குக் கீழே படுத்தவர். எனக்காக வாயை மூடிக்கொண்டவரும் அவர்தான். ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒரே இரகசியத்தை, ஒருவருக்கொருவர் தெரியாமல் காக்கலாம் என்பது ஒன்பது வயதில் எனக்கு எட்டவில்லை.

பழத்தில் பாதியை மாமா என்னிடம் நீட்டினார். "கொம்மா ஒருநாளும் சொல்லேல்லை. சீட்டு எடுத்து, என்ரை வழக்குக்கு லோயருக்குக் குடுத்து... எல்லாமா எவ்வளவடா போச்சுது?"

மாமாவிடம் மட்டும் சொல்லக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்த இலக்கம் அது. சொன்னேன்.

பதினோராயிரத்து நானூற்று அறுபது டொலர்.